கையெழுத்தில்லாத ராஜிநாமா

1896 ஆகஸ்ட் 29ஆம் தேதி, மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீடொன்றில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினான். அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்தைக் கட்டுவதற்கு என்று இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டான். இரண்டைச் சீட்டோடு வைத்தான். சீட்டு 'நான்' என்று ஆரம்பிக்கிறது. சில வரிகளுக்குள் அந்த 'நான்' 'இது' ஆகிவிடுகிறது. இதற்காக வருத்தப்படவோ தேடிப் பணம் செலவழிக்கவோ வேண்டியதில்லை என்கிறது. சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இங்கே இருக்கிறது என்று கணக்கையும் ஒப்படைக்கிறது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு.

இந்த ஊரில் இது தெரியாதவர்கள் கிடையாது. திருவண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுகிறவர்கூட பாதி வழியில் சொல்லி முடித்துவிடுவார். ஆனாலும் அந்தக் கோடு என்னை விடாமல் உறுத்துகிறது. முப்பத்தெட்டு வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கையெழுத்து இல்லாத தாளை நாங்கள் வாங்க மாட்டோம். வாங்கினால் மறுநாள் மானேஜர் அறைக்குப் போக வேண்டியிருக்கும்.

இப்போது இதைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு பையன். பையன் என்கிறேன், வயது முப்பத்தைந்து. என்னோடு ஒரே நாளில் வங்கியில் சேர்ந்த நண்பனின் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சென்ற மார்கழிப் பௌர்ணமிக்கு கிரிவலம் வந்தவன், பதினான்கு கிலோமீட்டரும் நடந்து முடித்து, காலில் செருப்பில்லாமல் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். வேறொரு கம்பெனியில் இவனைப் பெரிய பதவிக்குக் கூப்பிடுகிறார்கள். கீழே அறுபது பேர், ராத்திரி அமெரிக்காக்காரனோடு பேச்சு, சம்பளம் நான் ஓய்வு பெறும்போது வருஷத்துக்கு வாங்கியதை மாதத்துக்கு. இன்னொரு பக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே ஒரு வருஷம் வந்து சும்மா இருந்துவிடலாமா என்றும் தோன்றுகிறதாம். அந்தக் கம்பெனியில் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. இரண்டு வாரமாக அந்தக் கட்டத்தைக் காலியாகவே வைத்திருக்கிறான்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். அப்பா புரமோஷன் வாங்கிக்கிட்டுப் போனார். நீங்க வேணாம்னுட்டு இங்கயே இருந்துட்டீங்க. யார் செஞ்சது சரி?"

இதற்கு நான் உடனே ஒரு பதில் சொன்னேன். ரமணரிடம் வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டு வந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் எத்தனையோ பேர். வக்கீல்கள், வாத்தியார்கள், சர்க்கார் உத்யோகஸ்தர்கள். பெரும்பாலும் அவர் விட்டுவிடு என்று சொன்னதில்லை. வேலை தடையில்லை, நான் செய்கிறேன் என்ற எண்ணம்தான் தடை, வீட்டை விட்டுக் காட்டுக்குப் போனால் மனமும் கூடவே வரும் என்கிற ரீதியில்தான் சொல்லியிருக்கிறார். 1911இல் வேலூரில் போலீஸ் உதவி சூப்பரின்டென்டென்ட்டாக வந்த ஹம்ஃப்ரீஸ் என்ற வெள்ளைக்காரர், உலகத்துக்கு என்னால் உதவ முடியுமா என்று கேட்டபோது, முதலில் உனக்கு உதவிக்கொள் என்ற பொருளில் பதில் வந்தது. ஹம்ஃப்ரீஸ் பின்னால் போலீஸ் வேலையை விட்டு மடத்தில் சேர்ந்தார், அதுவும் கத்தோலிக்க மடத்தில். தென்னாற்காடு கலெக்டர் ஆபீஸ் ரெவின்யூ பிரிவில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை 1902இல் விரூபாக்ஷ குகைக்குப் போய்க் கேட்ட கேள்விகளும் பெற்ற பதில்களும்தான் பிற்பாடு 'நான் யார்?' என்ற சிறு புத்தகம் ஆயின. உத்யோகக் காரியமாக இந்த ஊருக்கு வந்த இடத்தில் கேட்டவை அவை. அவர் எட்டு வருஷம் கழித்து, 1910இல், வேலையை ராஜிநாமா செய்தார். இப்படிச் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கே கேட்க நன்றாக இருந்தது.

பையன் கெட்டிக்காரன். "அவர் மட்டும் யாரையும் கேக்காமதானே வந்தார்?" என்றான்.

இது பழைய கேள்வி. அவரிடமே கேட்டிருக்கிறார்கள். அவர் பதிலின் சாரம், போகிறவன் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டான், கேள்வி எழுகிறது என்றால் உனக்கு அது வரவில்லை என்பதுதான். கேட்பதே பதிலாகிவிடுகிற ஒரு தர்க்கம். இதைவிடக் கறாரான உத்யோக ஆலோசனை உலகத்தில் இருக்க முடியாது. ஸாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் 'சுய உதவி' எழுதியதிலிருந்து, தமிழில் அப்துற் றஹீம், உதயமூர்த்தி வரைக்கும், முன்னேறு முன்னேறு என்று சொன்னவர்கள் எல்லாரும் கேட்கிறவனை ஏதோ ஒரு திசையில் தள்ளிவிட்டார்கள். தள்ளப்படுகிறவனுக்கு அதில் ஒரு சௌகரியம் உண்டு, தோற்றால் புத்தகத்தின் மேல் பழி போடலாம். ரமணர் அந்தச் சௌகரியத்தையும் கொடுக்கவில்லை.

ஆனால் அந்தப் பதிலில் எனக்கு வேறொரு சங்கடம் உண்டு. வேலையை விடாதே, பலனில் மனம் வைக்காமல் செய் என்பது முதலாளிக்கு எத்தனை வசதியான உபதேசம்! பையன் இப்போதிருக்கும் கம்பெனியிலேயே கீதை வகுப்பு நடத்துகிறார்களாம். பலனை எதிர்பாராதே என்று சொல்கிறவனே பலனை எடுத்துக்கொண்டு போகிறவனாக இருந்தால் அந்த வாக்கியத்தின் அர்த்தம் அடியோடு மாறிவிடுகிறது. வாக்கியம் ஒன்றேதான், எந்த வாயிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது விஷயம். ரமணர் சொன்னால் கேட்கலாம். அவர் வந்த வழியில் கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கியவர், பின்பு அந்த அடகுச் சீட்டையும் கிழித்துப் போட்டவர், இந்த ஊர் அய்யங்குளத்தில் கையிலிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தை எறிந்தவர். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர். வகுப்பு எடுக்கும் மனிதவளத்துறை அதிகாரி எதையும் குளத்தில் எறிந்ததாகத் தகவல் இல்லை.

பேசிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். "உங்க மாமாவுக்குக் கணக்குன்னா பயம்டா. அதான் போவல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது சொச்சம் வருஷமாக அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று.

1986இல் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தபாலில் ஆபீசர் பதவிக்கான கடிதம் வந்தது. போகச் சம்மதமென்றால் எந்த மாநிலத்திலும் போடுவார்கள். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். நான் எழுதிக்கொடுத்தேன். அதில் காட்டிய காரணம் குடும்பச் சூழ்நிலை. மனைவியிடம் சொன்ன காரணம் என் அம்மாவின் உடல்நிலை. உங்களைப் போன்ற நண்பர்களிடம் சொன்ன காரணம் எழுத்து. இந்த மூன்றாவது காரணத்துக்கு அப்போது நம் வட்டத்தில் நல்ல மரியாதை இருந்தது. பதவி உயர்வை மறுத்துவிட்டுக் கவிதை எழுதுகிறவன் என்று ஒரு சிறுபத்திரிகையில் என்னைப் பற்றி அரைப் பக்கம்கூட வந்தது. அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

யாரிடமும் சொல்லாத நான்காவது காரணம் கையெழுத்து. குமாஸ்தா போடும் கையெழுத்துக்குமேல் இன்னொரு கையெழுத்து விழும். ஆபீசரின் கையெழுத்துக்குக் கீழே அவன்தான் நிற்க வேண்டும். கடன் கொடுக்கலாம் என்று ஒரு விவசாயியின் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முடிவு தப்பினால் விசாரணை. எனக்கு அது முடியாது என்று தெரிந்தது. இல்லை, முடியாது என்றுகூடத் தெரியாது. முயன்று பார்க்கவே பயம்.

நம்முடைய வட்டாரத்தில் இந்த மாதிரி பயங்களுக்கு நாம் ஒரு பரம்பரையைத் தேடி வைத்திருக்கிறோம். உத்யோகத்தைப் பற்றிய பேச்சு வந்தால் உடனே க.நா.சு. என்போம், செல்லப்பா என்போம். செல்லப்பா 1959இல் ஆரம்பித்து 1970 வரை 'எழுத்து'வை நடத்தினார், புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரி வாசல்களில் நின்றார். அது ஒதுங்குவது ஆகாது. எந்த விற்பனைப் பிரதிநிதியும் அந்த அலைச்சல் அலைந்திருக்க மாட்டான். அசோகமித்திரன் 1966இல் ஜெமினியை விட்டு வெளியே வந்து எழுத்தை நம்பிக் கஷ்டப்பட்டார், ஆனால் ஸ்டூடியோவுக்குள் இருந்த வருஷங்களில் கண்ணைத் திறந்து வைத்திருந்தார் என்பதற்குக் 'கரைந்த நிழல்கள்' சாட்சி. சுந்தர ராமசாமி நாகர்கோயிலில் ஜவுளிக் கடையைக் கவனித்துக்கொண்டேதான் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' எழுதினார். ஆத்மாநாம் ஆயத்த ஆடைத் தொழில் நடத்திப் பார்த்தவர். இவர்களில் யாரும் வேலையைத் தொடாமல் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஏதோ ஒன்றில் கையை விட்டவர்கள். இவர்களை என் மறுப்புக் கடிதத்துக்கு ஜாமீன் போட்டுக்கொண்டது நான்.

என் நண்பன் சம்மதம் எழுதிக்கொடுத்தான். ஒரிஸ்ஸாவில் மூன்று வருஷம், பீகாரில் நான்கு, அப்புறம் ராஜஸ்தான். பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே போளூர் ரோட்டு வீட்டில். பையன் வளர்ந்ததை அவன் லீவில் வந்துதான் பார்த்தான். மாதத்துக்கு ஒரு இன்லண்ட் கடிதம் எனக்கு எழுதுவான். இலக்கியம் எதுவும் படிக்கிறவன் இல்லை. எருமைக் கடன் வாங்கிய ஒருவன் இன்ஷூரன்ஸுக்காக எருமையின் காதில் மாட்டிய தகடை மட்டும் துணியில் சுற்றி எடுத்துவந்து மேஜையில் வைத்து, மாடு செத்துவிட்டது என்று சொன்னதை எழுதியிருந்தான். தகடு உண்மையில் செத்த மாட்டுடையதா என்று தீர்மானிக்க அவன் பதினோரு மைல் நடந்து போனான். அங்கே அந்த வீட்டுப் பெண் கயிற்றை மட்டும் காட்டினாள். கயிறு கட்டியிருந்த இடத்தில் மண் தேய்ந்திருந்ததை அவன் பார்த்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

தேய்ந்த மண்ணைப் பற்றிய கவிதை என் தொகுப்பில் இருக்கிறது. உங்களில் இரண்டொருவர் அதைப் பாராட்டியும் எழுதினீர்கள். நாற்பத்து மூன்று கவிதைகள் எழுதினேன், அவற்றில் ஏழைக் காட்டலாம், அந்த ஏழில் இரண்டு அவனுடைய கடிதங்களிலிருந்து எடுத்தவை. அவனிடம் சொன்னதில்லை. அவன் தொகுப்பை வாங்கிக்கொண்டு, அட்டை நன்றாக இருக்கிறது என்றான். மூன்று வருஷம் முன்னால் இறந்துபோனான்.

எழுத்துக்காக மறுத்தேன் என்றவனுக்கு எழுத்தும் போனவனிடமிருந்துதான் வர வேண்டியிருந்தது. இதைப் பையனிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லவில்லை.

இந்த ஊரின் கதையே ஒரு பதவிப் போட்டியில்தான் ஆரம்பிக்கிறது. பிரம்மாவா விஷ்ணுவா யார் பெரியவர் என்று தகராறு. நடுவில் ஒரு நெருப்புத் தூண். ஒருவர் அன்னமாகி மேலே பறக்கிறார், மற்றவர் பன்றியாகிக் கீழே தோண்டுகிறார். பிரம்மா முடியைக் காணாமல், வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, பார்த்ததாகச் சொல்லச் சொல்கிறார். உலகத்தின் முதல் சிபாரிசுக் கடிதம் அது. பொய் வெளிப்பட்டு பிரம்மாவுக்குக் கோயிலில்லாமல் போயிற்று, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடமில்லாமல் போயிற்று. விஷ்ணு அடியைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்டதால் பெருமை பெற்றார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. பதவி ஆசை கூடாது என்பதற்கு உதாரணமாக நான் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

கதையில் ஒன்றை நான் கவனிக்கவே இல்லை. விஷ்ணு தோண்டினார். மூக்கு தேய, பாதாளம் வரை தோண்டிவிட்டுத் திரும்பி வந்து, முடியவில்லை என்றார். தோண்டாமலே அந்தத் தூணுக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டு, நான் போட்டியில் இல்லை, எனக்கு ஆசையில்லை என்று சொன்ன மூன்றாவது ஆசாமி ஒருவன் இருந்திருந்தால் புராணம் அவனைக் குறிப்பிட்டிருக்காது.

அந்த மதுரைப் பையன்கூட பயந்து வந்தவன் அல்ல. வருவதற்கு ஆறு வாரம் முன்பு மரண பயம் திடீரென்று பிடித்தபோது, யாரையும் கூப்பிடாமல், பிணம்போல் நீட்டிப் படுத்து அதை உள்ளே புகுந்து பார்த்திருக்கிறான். அப்புறம்தான் பெயினின் இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும் தண்டனை, இரண்டு முறை எழுதியதோடு காகிதத்தைத் தள்ளிவிட்டுக் கண்மூடி உட்கார்ந்தது, இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் குத்திக் காட்டியது எல்லாம். ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று ஒரு பொய்யும் சொல்லித்தான் வீட்டிலிருந்து இறங்கினான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் கையெழுத்துப் போட ஆள் இல்லை. என் மறுப்புக் கடிதத்தில் கையெழுத்து அழகாக இருந்தது, ஆள் ஒளிந்துகொண்டிருந்தான். இரண்டையும் ஒன்றுபோலக் காட்டிக்கொள்ள இந்த ஊர் எனக்கு வசதியாக இருந்தது.

துறவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறக்கிற ஒரு ஆள் சின்னஸ்வாமி. ரமணரின் தம்பி. ஆஸ்ரமத்துக்குச் சர்வாதிகாரி என்று பெயர் பெற்று 1930 முதல் நிர்வாகம் பார்த்தவர். அவரைப் பற்றிப் பக்தர்களின் நினைவுக் குறிப்புகளில் நல்ல வார்த்தை குறைவு. கடுகடுப்பு, கெடுபிடி, கணக்கு. ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டது, புத்தகங்கள் அச்சானது, அம்மாவின் சமாதிமேல் கோயில் எழும்பி 1949இல் கும்பாபிஷேகம் ஆனது எல்லாம் அந்தக் கணக்கினால். அண்ணன் விடியற்காலையில் அடுப்படியில் காய் நறுக்கினார், வீணாகப் போகிற தண்டையும் தோலையும் குழம்புக்கு எடுத்தார். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். காய் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தவர் ஒருவர் இருந்தார் என்பது அடிக்குறிப்பில் போய்விட்டது. ஸாமர்ஸெட் மாம் 1938இல் இங்கே வந்து மயங்கி விழுந்து, பிறகு 1944இல் வெளியிட்ட நாவலில் லாரி என்ற அமெரிக்க இளைஞன் சிகாகோவில் பங்குச் சந்தை வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு உலகம் சுற்றுகிறான். படித்த காலத்தில் நான் லாரி என்று நினைத்துக்கொண்டேன். லாரிக்கு வருஷம் மூவாயிரம் டாலர் வருமானம் இருந்தது என்று மாம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார், நான்தான் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டியிருக்கிறேன்.

எனக்கு மூவாயிரம் டாலர் இல்லை. ஒரு சர்வாதிகாரி இருந்தாள். மாலை நேரத்தில் பதினைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள், சீட்டுக் கட்டினாள், வளையலை என் வங்கிக்கே கொண்டுவந்து அடகு வைத்தாள். நகைக் கடன் ரசீதை நானே எழுதினேன். மகளுக்குச் சென்னையில் இடம் கிடைத்தபோது கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளூர்க் கல்லூரியில் சேர்த்ததும் அவள்தான். நான் அந்த வாரம் ஒரு கவிதையில் இருந்தேன். ஆசையைத் துறந்தது நான், துறந்ததற்கு வட்டி கட்டியது அவள். ஒருவனுடைய பற்றின்மைக்கு இன்னொருவர் கணக்கில் பற்று எழுதப்படுமானால் அதை என்னவென்று சொல்வது? வங்கியில் இதற்கு ஒரு பெயர் உண்டு. இங்கே வேண்டாம்.

இதனால் நண்பன் செய்தது சரி, நான் செய்தது தப்பு என்று முடித்துவிட முடியவில்லை. அவன் வீட்டில் பத்து வருஷம் தகப்பன் இல்லை. அதற்கும் ஒருத்தி வட்டி கட்டியிருக்கிறாள். போனவன், இருந்தவன் இரண்டு பேர் கணக்கிலும் கையெழுத்துப் போடாத மூன்றாம் நபர் ஒருவர் இருக்கிறார். முன்னேற்றத்தைப் பற்றியும் துறவைப் பற்றியும் எழுதப்பட்ட புத்தகங்கள் இரண்டுமே அந்த நபரைத் தனி மனிதனின் 'சூழ்நிலை' என்றுதான் குறிப்பிடுகின்றன. ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில், உங்களை அங்கே யார் சுமந்து போவார்கள் என்று ஒரு கட்டம் இருந்தால் என் போன்றவர்கள் கொஞ்சம் நிதானித்திருப்போம்.

தை பிறந்ததும் பையன் மறுபடி வந்தான். இந்தத் தடவை கடிதக் கட்டை எடுத்துவைத்தேன். இன்லண்ட் கடிதங்கள், நூற்றுக்கு மேல் இருக்கும், சணல் போட்டுக் கட்டியவை. தொகுப்பில் இரண்டு பக்கங்களைக் காட்டி, இவை உன் அப்பாவுடையவை என்றேன். அவன் கடிதத்தையும் கவிதையையும் மாற்றி மாற்றிப் படித்தான். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. கோபமா என்று தெரியவில்லை.

"அப்பா கையெழுத்து இவ்ளோ மோசம்னு தெரியாது" என்றான் கடைசியில்.

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். புதுக் கம்பெனியின் படிவம். இவனைப் பத்து வருஷமாவது அறிந்த, சொந்தக்காரர் அல்லாத ஒருவர், இவன் நல்லவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, போவதென்று முடிவு செய்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. ஐந்து வருஷக் கட்டத்தில் ஏதோ எழுதியிருந்தான், கையால் மறைத்துக்கொண்டான்.

பேனாவைத் தேடினேன். அவள் எடுத்துக் கொடுத்தாள். பெயர், விலாசம் எழுதினேன். பதவி என்ற இடத்தில் என்ன போடுவது என்று நின்றேன்.

"எழுத்தர், ஓய்வுன்னு போடுங்க" என்றாள்.